நெட்டோடைக்காடு ரகசியம் காத்த கதை

நெட்டோடைக்காட்டு ஆட்களைப் பற்றிச் சுற்றுவட்டாரத்தில் சொல்லப்படும் கதைகளில் பாதி பொய். இது மற்ற பாதியைச் சேர்ந்தது.

அந்த ஊருக்கு ஒரு கபடிக் குழு உண்டு. பேர் வீரவாள். வருஷா வருஷம் காணும் பொங்கலன்று பக்கத்து ஊரான சேம்பவிடுதியோடு அவர்களுக்கு ஒரு ஆட்டம் நடக்கும். கோப்பை, கேடயம், ஆட்டுக்கிடா என்று எதுவும் கிடையாது. தோற்ற ஊர்க் கேப்டன் ஜெயித்த ஊர்க் கேப்டனைத் தோளில் உட்கார வைத்து, ஜெயித்த ஊரின் தெருவெல்லாம் ஒரு சுற்றுச் சுமந்து வர வேண்டும். பந்தயம் அவ்வளவுதான். ஆனால் அந்தச் சுற்று முடிவதற்குள் சுமக்கிறவனுக்கு முழங்காலும் மானமும் சேர்ந்து போய்விடும்.

வீரவாள் குழுவின் கேப்டன் குழந்தைவேலு. சேம்பவிடுதியின் கேப்டன் திருமேனி. இதில் ஒரு சிக்கல் என்னவென்றால், குழந்தைவேலு கட்டியிருப்பது திருமேனியின் தங்கை சுகந்தியை. ஆகவே கல்யாணம் ஆனதிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் அவன் மாமியார் வீட்டுத் தெருவில், மாமியார் வாசலில் நின்று பார்க்க, மச்சானைச் சுமந்துகொண்டு போனான். ஒரு வருஷம்கூடத் தவறவில்லை. மச்சானும் வருஷத்துக்கு வருஷம் எடை கூடிக்கொண்டே வந்தார். போன தடவை இறக்கி வைத்தபோது குழந்தைவேலுவின் கழுத்து பிடித்துக்கொண்டது. மாசி மாதம் முடியும்வரை யார் கூப்பிட்டாலும் அவன் உடம்போடு சேர்ந்துதான் திரும்பிப் பார்த்தான்.

சுமக்கும்போது அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்பான்.

"மேலேருந்து பாத்தா ஊரு எப்படி மச்சான் இருக்கு?"

"நல்லாருக்கு மாப்ளே. காத்து வருது."

அந்தக் காற்றை ஒரு தடவை வாங்கிவிட வேண்டும் என்பது குழந்தைவேலுவின் ஆசை. இந்த வருஷம் அது ஆசை மட்டுமாக இல்லை. மார்கழி பிறந்ததுமே சுகந்தி தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவையும் எங்கண்ணனைத் தூக்கிக்கிட்டு எங்க தெருவுல வந்தீங்கன்னா, நான் எங்கம்மா வீட்டுப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன். எங்க சித்தி மவ கேக்குறா, அத்தான் ஆளா இல்ல வண்டிமாடான்னு."

சித்தி மகள் கேட்டதில் நியாயம் இருப்பதாகக் குழந்தைவேலுவுக்கே பட்டது.

மறுநாள் மாலை அவன் குழுவை மைதானத்தில் கூட்டினான். கேப்டனோடு சேர்த்து ஏழு பேர். அதில் அறிவழகன் ரொம்பப் படித்தவன். பத்தாம் வகுப்புப் பரீட்சையை அந்த ஊரில் அவனளவுக்குத் திரும்பத் திரும்ப எழுதியவர்கள் கிடையாது. வீரையன் எதிரணிக்குள் பாடிப் போகிறவன். காலில் அவனுக்கு நல்ல வேகம் உண்டு, அந்த வேகம் முழுவதும் காலிலேயே செலவாகிவிடும். காசிநாதன் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். அவனிடம் இருக்கும் ஒரே கோளாறு அதுதான். மீதி மூன்று பேரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர்கள், அவர்கள் பேர் நமக்குத் தேவைப்படாது.

"நாம குரூப்புல என்ன திட்டம் போட்டாலும் சேம்பவிடுதிக்காரனுவளுக்குத் தெரிஞ்சுபோவுது" என்றான் குழந்தைவேலு. "யாரு வழியா போவுதுன்னு கண்டுபிடிக்கணும்."

"குரூப்புல யாரு யாரு இருக்கோம்?" என்று அறிவழகன் விசாரணையை ஆரம்பித்தான்.

"நாம ஏழு பேருதான்."

"எட்டுன்னு காட்டுதே?"

"அது அட்மின்."

அட்மின் என்பது திருமேனி. வாட்ஸ்அப்பில் குரூப் ஆரம்பிக்க இவர்களில் ஒருவருக்கும் தெரியாமல் போனதால், தங்கை மாப்பிள்ளைக்கு ஒரு உதவியாக அவர்தான் ஆரம்பித்துக் கொடுத்திருந்தார்.

"அட்மினைக் கணக்குல சேக்கப்படாது" என்று அறிவழகன் தீர்ப்புச் சொன்னான். "மைதானத்துல நடுவர் நிக்குறாரு. அவரை ஆட்டக்காரன் கணக்குல சேக்குறமா?"

சேர்க்க மாட்டோம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அந்தச் சந்தேகம் அத்தோடு தீர்ந்தது.

கடைசியில் பழி செல்போன் டவர் மேல் விழுந்தது. டவர் சேம்பவிடுதி எல்லையில் நிற்கிறது. நெட்டோடைக்காட்டில் ஒருவன் அனுப்பும் சேதி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கே போவதானாலும், அந்த டவருக்குப் போய்விட்டுத்தான் வருகிறது. போகிற வழியில் அந்த ஊர்க்காரர்கள் அதைப் படித்துவிடுகிறார்கள். இதைக் கண்டுபிடித்த பெருமையும் அறிவழகனுக்கே சேரும். அன்றிலிருந்து அவர்கள் போனை இடுப்புக்குக் கீழே பிடித்து, குனிந்து நின்று, வேட்டியால் மறைத்துக்கொண்டு சேதி அனுப்பினார்கள். வரப்பில் போன பெண்கள் ஆளுக்கொரு நோய் பேர் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இப்படி இருக்கும்போது, மாவட்டத் தலைநகரிலிருந்து சைபர் குற்றத் தடுப்புப் போலீஸ் ஏட்டம்மா ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்து விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினார். செல்போனில் ரகசியம் காப்பது எப்படி என்பதுதான் பேச்சு. குழந்தைவேலுவுக்குச் சாமியே காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. குழுவை முன்வரிசையில் உட்கார வைத்தான். எழுதிக்கொள்ளலாமா என்று வீரையன் கேட்டபோது ஏட்டம்மா, "ரகசியத்தை எங்கேயும் எழுதி வைக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே ஆளுக்கு ஒரு பங்காக மனதில் ஏற்றிக்கொள்வது, ஒருவன் பங்கை மற்றவன் தொடுவதில்லை என்று முடிவாயிற்று.

அறிவழகன் பங்குக்கு வந்தது இது: "நீங்க அனுப்புற சேதி அனுப்புறவங்களுக்கும் வாங்குறவங்களுக்கும் மட்டும்தான் புரியணும். நடுவுல எட்டிப் பாக்குறவனுக்கு வேற மாதிரி தெரியணும். பூட்டுன பெட்டி மாதிரி. சாவியைப் பெட்டியோட சேத்து அனுப்பாதீங்க, தனியாக் குடுங்க."

காசிநாதனுக்கு இது: "தெரிஞ்ச முகம்னு யாரையும் நம்பாதீங்க. இப்பல்லாம் முகத்தையே போலியாப் பண்றாங்க. பாஸ்வேர்டு சரியாச் சொன்னாத்தான் உள்ள விடணும்."

வீரையனுக்குச் சின்னதாக ஒன்று கிடைத்தது: "வேலை முடிஞ்சா லாக்அவுட் பண்ணாம வெளிய போகக் கூடாது."

கேப்டன் என்பதால் குழந்தைவேலு பெரிய பங்கை எடுத்துக்கொண்டான்: "பாஸ்வேர்டு கஷ்டமா இருக்கணும். அதை அம்மா, அப்பா, கட்டுனவங்க, பெத்த புள்ளைங்க, யாருக்கும் சொல்லாதீங்க. முக்கியமானது எல்லாத்துக்கும் ஒரு நகல் வேற எடத்துல பத்திரமா இருக்கணும்."

தலையாட்டுகிற மூன்று பேரும் கூட்டத்தில் கொடுத்த பிஸ்கட்டையும் டீயையும் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த நாளே வேலையில் இறங்கினார்கள். முதலில் குழுவுக்கு ஒரு பாஸ்வேர்டு வைத்தார்கள். "அயிரைமீன்." மைதானத்துக்குள் வருகிறவன் நடுக்கோட்டருகே அதைச் சொல்ல வேண்டும், காசிநாதன் கேட்டு உள்ளே விடுவான். பிறகு காசிநாதன் ஒரு நியாயமான கேள்வி கேட்டான்.

"நாளைக்கு எவனாவது ஒங்க முகத்தைப் போலியாப் பண்ணிக்கிட்டு வந்து நான்தான் கேப்டன்னு சொன்னா நாங்க என்ன பண்றது?"

குழந்தைவேலு ஆடிப்போனான். இத்தனை நாளும் தான்தான் கேப்டன் என்பதற்கு ஒரு ஆதாரமும் இல்லாமல் திரிந்திருக்கிறோம் என்பதே அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே கேப்டனுக்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்டு தயாரித்தான். கஷ்டமாக இருக்க வேண்டும் அல்லவா, நன்றாக யோசித்தான். "கொடுக்காப்புளி நாப்பத்தேழு நட்சத்திரக்குறி பெரியம்மா." குழுவில் ஒவ்வொருவன் காதிலும் ஒரு தடவை ஓதினான். கேட்டால் சரியா தப்பா என்று சொல்ல வேண்டும், மற்றபடி வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான்.

நகல் எங்கே வைப்பது என்பதில்தான் குழப்பம் வந்தது. வேற எடத்தில் இருக்க வேண்டும் என்று ஏட்டம்மா சொல்லியிருந்தார். வைக்கோல் போர், மோட்டார் கொட்டகை, மாரியம்மன் கோயில் உண்டியல் எல்லாம் நெட்டோடைக்காட்டுக்குள்ளேயே இருந்தன.

"ஊரே தீப்புடிச்சா எல்லாம் சேந்து போயிரும்" என்றான் அறிவழகன். "வேற ஊருதான் சரி."

வேற ஊர் என்றால் குழந்தைவேலுவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ஏட்டம்மா சொன்னதை மனதில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தான். அம்மா, அப்பா, கட்டினவள், பெற்ற பிள்ளை. மச்சான் அதில் இல்லை. நிம்மதியாகப் போனை எடுத்தான்.

"மச்சான், ஒரு பத்திரமான சேதி. ஒங்ககிட்ட இருக்கட்டும். யாருக்கும் சொல்லிடாதீங்க."

"சொல்லு மாப்ளே" என்றார் திருமேனி. "நான் யாருக்குச் சொல்லப்போறேன், எங்க டீமைத் தவிர."

மனுஷர் பொய் பேசாதவர். அந்தக் குணம் குழந்தைவேலுவுக்கு எப்போதும் பிடிக்கும். இரண்டு பாஸ்வேர்டையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னான்.

அடுக்களையிலிருந்து சுகந்தி எட்டிப் பார்த்தாள். "யாருகிட்டப் பேசுறீங்க?"

"ரகசியம்."

"எங்கண்ணன் குரலு மாதிரி கேட்டுச்சே?"

"முகத்தையே போலியாப் பண்றானுவ. குரலு எம்மாத்திரம்" என்றான் குழந்தைவேலு. கட்டினவளுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ரகசியம் காத்துவிட்ட திருப்தியில் அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டான்.

அடுத்தது சேதியைப் பூட்டும் வேலை. அது அறிவழகன் பங்கு. அவன் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு, குரூப்பில் இப்படிப் போட்டான்: "இன்று முதல் இந்தக் குரூப்பில் இடது என்றால் வலது. வலது என்றால் இடது. வெளியாருக்குத் தெரியக் கூடாது." முதல் ஆளாக அட்மின் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

சாயங்காலம் அறிவழகன் முகம் வெளுத்துப்போய் மைதானத்துக்கு வந்தான்.

"தப்புப் பண்ணிட்டேன். பெட்டியை அனுப்புற வழியிலயே சாவியையும் அனுப்பிட்டேன். டவர்காரன் படிச்சிருப்பான்."

"இப்ப என்ன பண்றது?"

"மேல இன்னொரு பூட்டு போடணும். அதுக்குச் சாவியைக் குரூப்புல போடாம இப்பவே வாயால குடுத்துடுறேன்."

"என்ன பூட்டு?"

"அதே பூட்டுதான். இடதுன்னா வலது, வலதுன்னா இடது. நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வேற தேடணும்?"

குழந்தைவேலு மணலில் குச்சியால் கோடு போட்டுக் கணக்குப் பார்த்தான். இடது முதல் பூட்டில் வலது ஆயிற்று. அந்த வலது இரண்டாவது பூட்டில் இடது ஆயிற்று. அவன் குச்சியை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"அப்ப இடதுன்னா இடதுதானா?"

"ஆமா. ஆனா இது ரெண்டு பூட்டு போட்ட இடது."

"சாதா இடதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"சாதா இடது தொறந்து கெடக்கும். இது பூட்டிக் கெடக்கு" என்றான் அறிவழகன்.

படித்தவனிடம் கேட்டால் இப்படித்தான் விளக்கம் வரும். எல்லோரும் தலையாட்டினார்கள். வீரையன் மட்டும், மூன்றாவது பூட்டு போட்டால் இன்னும் பத்திரமாக இருக்குமே என்றான். அவ்வளவு பூட்டினால் நாமே உள்ளே மாட்டிக்கொள்வோம் என்று குழந்தைவேலு தடுத்துவிட்டான். தன் வாழ்நாளில் அவன் எடுத்த நல்ல முடிவுகளில் அது ஒன்று. இன்னொன்று எது என்று இதுவரை தெரியவில்லை.

காணும் பொங்கலும் வந்தது. அந்த வருஷம் ஆட்டம் சேம்பவிடுதி மைதானத்தில். வெயில் தாழ்வதற்குள் இரண்டு ஊரும் கூடிவிட்டன. சுகந்தி தன் அம்மாவோடு வேப்பமரத்தடியில் நின்றாள். புருஷனைப் பார்த்தாள், அப்புறம் அண்ணன் தொந்தியைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குழந்தைவேலு வேட்டிக்குள் போனை மறைத்துக் குரூப்பில் சேதி போட்டான்: "வீரையன் வலது பக்கம் பாடிப் போவான்."

எதிர்ப்பக்கம் நின்ற திருமேனி போனைப் பார்த்துச் சிரித்தார். வலது என்றால் இடது என்று அவருக்கு அறிவழகனே எழுதிக் கொடுத்திருக்கிறான். இரண்டாவது பூட்டைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை. நல்ல பிடிகாரர்களை எல்லாம் வீரையனின் இடது பக்கம் குவித்தார். வலது பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த மூன்று பேரை நிற்க வைத்தார்.

வீரையன் கபடி பாடிக்கொண்டு போனான். நேரே வலது பக்கம் பாய்ந்தான். மூன்று பேரையும் ஒரே வீச்சில் தொட்டுவிட்டு நடுக்கோட்டை நோக்கித் திரும்பி ஓடிவந்தான். நெட்டோடைக்காட்டுக் கூட்டம் எழுந்து நின்றது. அப்படி ஒரு பாட்டை அந்த ஊர் பார்த்ததே இல்லை.

கோட்டருகே காசிநாதன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றான்.

"பாஸ்வேர்டு?"

"கபடி கபடி கபடி கபடி" என்றான் வீரையன். பாட்டை நிறுத்தினால் ஆட்டம் போய்விடும்.

"அது இல்ல."

"கபடி கபடி கபடி" என்று பாடியபடியே வீரையன் தன் முகத்தைக் கையால் காட்டினான்.

"காசி, அது நம்ம வீரையன்டா" என்று குழந்தைவேலு கத்தினான்.

"முகம் அவன் முகம்தான். அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

இதற்குள் சேம்பவிடுதிக்காரர்கள் வந்து வீரையனைப் பின்னாலிருந்து சாவகாசமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூச்சு விட்ட பிறகுதான் அவன் "அயிரைமீன்" என்றான். சரியான பாஸ்வேர்டுதான். காசிநாதன் உடனே வழிவிட்டான். நடுவர் அவுட் என்று வீரையனை வெளியே அனுப்பினார்.

முதல் பாதி முழுக்க இதே கதைதான். பூட்டு வேலை செய்ததில் இவர்கள் ஆள் ஒவ்வொரு தடவையும் தொட்டான். காவல் வேலை செய்ததில் ஒவ்வொரு தடவையும் மாட்டினான். சேம்பவிடுதி கொஞ்சம் முன்னால் போய்விட்டது. தன் ஊருக்குள் யார் எதிரி என்று தெரியாமல் வீரையன் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான்.

இடைவேளையில் தண்ணீர்க் குடத்தைச் சுற்றி அவசரக் கூட்டம் நடந்தது.

"காசி சொல்றதுல தப்பில்ல" என்றான் அறிவழகன். "பாஸ்வேர்டைத்தான் மாத்தணும். பாடிக்கிட்டே சொல்ற மாதிரி ஒண்ணு வைக்கணும்."

"பாடிக்கிட்டே என்னத்தைச் சொல்றது? கபடின்னு மட்டும்தானே சொல்ல முடியும்" என்றான் வீரையன்.

அதைக் கேட்டதும் ஏழு பேருக்கும் சேர்ந்தாற்போல் விளங்கியது. பாஸ்வேர்டைக் "கபடி" என்று மாற்றினார்கள். மறக்கவே முடியாத பாஸ்வேர்டு. சொல்லாமல் இருக்கவும் முடியாது.

குழந்தைவேலு கடமை தவறாதவன். பாஸ்வேர்டு மாறினால் நகலும் மாற வேண்டும். மைதானத்தைக் குறுக்கே கடந்து எதிரணி ஆட்கள் நடுவே போய் நின்றான்.

"மச்சான், அயிரைமீன் இனிமே செல்லாது. கபடின்னு மாத்தியாச்சு. அப்படிச் சொன்னா காசி வழிவிடுவான். பத்திரமா வச்சுக்குங்க."

திருமேனி மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். தங்கையை நினைத்து அவருக்கு ஒரு நிமிஷம் மனசு இளகியது.

"சரி மாப்ளே. வச்சுக்குறேன்."

அவன் போனதும் தன் ஆட்களிடம் சொன்னார். "இனிமே பயமில்லாம உள்ள போங்கடா. கபடின்னு சொன்னா வழிவிடுவானுவ. கடைசிக் கோடு வரைக்கும் போய் எல்லாரையும் தொட்டுட்டு வாங்க."

இரண்டாம் பாதியில் சேம்பவிடுதி ஆள் ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கபடி பாடி வந்தான். காசிநாதன் காதைக் கொடுத்துக் கேட்டான். சரியான பாஸ்வேர்டு. ஒதுங்கி நின்று, கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவன் மாதிரி கை காட்டி உள்ளே அனுப்பினான். வந்தவன் நிதானமாக நடந்து கடைசிக் கோடு வரை போனான். எதிர்ப்பட்ட ஒவ்வொருவன் தோளிலும் தட்டினான். இவர்களும் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். வேலையை முடித்துக்கொண்டு அவன் திரும்பினான். நடுக்கோட்டருகே ஏழு பேரும் கைகோத்து வரிசையாக நின்றார்கள்.

"லாக்அவுட் பண்ணிட்டுப் போங்க" என்றான் வீரையன். இவ்வளவு நாள் சும்மா கிடந்த அவனுடைய பங்குக்கு இப்போதுதான் வேலை வந்திருந்தது. "வேலை முடிஞ்சா லாக்அவுட் பண்ணாம வெளிய போவக் கூடாது. போலீஸு சொல்லிருக்கு."

"கபடி கபடி கபடி" என்றான் வந்தவன்.

"அது உள்ள வர்றதுக்கு. இது வெளிய போறதுக்கு."

அவன் இடது பக்கம் ஓடிப் பார்த்தான், வலது பக்கம் ஓடிப் பார்த்தான். வரிசை அவனோடு சேர்ந்து நகர்ந்தது. லாக்அவுட் பண்ணாமல் போகக் கூடாது என்ற ஒரே கவலையில் ஏழு பேரும் அவன் மேல் விழுந்து அமுக்கினார்கள். அவன் மூச்சு விட்டான். நடுவர் விசில் ஊதினார். நெட்டோடைக்காட்டுக்கு ஒரு புள்ளி கிடைத்ததை ஏழு பேருக்கும் பிறர் சொல்லித்தான் தெரிந்தது.

அடுத்து வந்தவனுக்கும் இதே உபசாரம்தான். அதற்கடுத்தவனுக்கும் அப்படியே. வழி திறந்து கிடக்கும்போது பயந்து கோட்டருகே நிற்க எவனுக்கும் மனசு வரவில்லை, உள்ளே போன எவனுக்கும் திரும்பி வரத் தெரியவில்லை. இந்த லாக்அவுட் விஷயத்தை மாப்பிள்ளை ஏன் சொல்லவில்லை என்று திருமேனி பல்லைக் கடித்தார். சொல்லக் கூடாதென்று இல்லை. அது வீரையன் பங்கு, குழந்தைவேலு அதைத் தொடவில்லை.

கடைசிப் பாட்டு வந்தபோது இரண்டு அணிக்கும் புள்ளி சமமாக இருந்தது. திருமேனியே பாடி வந்தார். வேப்பமரத்தடியில் சுகந்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

காசிநாதன் மச்சானுக்கு வழக்கத்தைவிடக் குனிந்து வழிவிட்டான். திருமேனி ஏமாறுகிற ஆள் இல்லை. கோட்டைத் தாண்டினார், வீரையன் கையைத் தொட்டார், அதே சுருக்கில் திரும்பினார். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள். இன்னும் ஒரு எட்டு வைத்தால் கோடு.

அந்த எட்டில் குழந்தைவேலு அவர் இடுப்பைப் பிடித்துவிட்டான். எத்தனை பொங்கலாகச் சுமந்த உடம்பு அது. எங்கே பிடித்தால் நழுவும், எங்கே பிடித்தால் நிற்கும் என்று அவன் கைக்குத் தெரியும். மச்சானைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி அப்படியே நிறுத்திவிட்டான். அவர் கால் காற்றில் நடந்தது.

"லாக்அவுட் மச்சான்" என்றான் மரியாதையாக.

மூச்சு விட்டார். வீரவாள் ஜெயித்துவிட்டது.

நெட்டோடைக்காடே மைதானத்துக்குள் ஓடிவந்தது. தவில்காரர் எந்தத் தாளம் என்று பார்க்காமல் கிடைத்ததை அடித்தார். குழந்தைவேலு அழுதுகொண்டே சிரித்தான். வேப்பமரத்தடியில் சுகந்தி, "அவுகதான், எங்க வீட்டுக்காருதான்" என்று சித்தி மகளுக்குக் கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

திருமேனி வாக்குத் தவறாதவர். வேட்டியை மடித்துக் கட்டி, மாப்பிள்ளை முன்னால் குனிந்து தோளைக் காட்டினார். "ஏறு மாப்ளே. ஒங்க ஊரைப் போய்ப் பாத்துட்டு வருவோம்."

குழந்தைவேலு ஒரு காலைத் தூக்கினான்.

"நில்லுங்க" என்றான் காசிநாதன். "ஜெயிச்ச கேப்டனைத்தான் தூக்கணும். நீங்க கேப்டன்தான்னு உறுதிப்படுத்தணும்."

"டேய், நான்தான்டா."

"முகத்தைப் பாத்து நம்பக் கூடாது. கேப்டன் பாஸ்வேர்டு சொல்லுங்க."

நியாயம்தான். குழந்தைவேலு காலைக் கீழே இறக்கினான். வாயைத் திறந்தான். சந்தோஷத்தில் எல்லாம் மறந்துபோயிருந்தது.

"கொடுக்காப்புளி" என்றான். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. "கொடுக்காப்புளி... சித்தப்பா?"

"தப்பு" என்றான் அறிவழகன்.

"கொடுக்காப்புளி முப்பத்தி..."

"தப்பு" என்றார்கள் தலையாட்டுகிற மூன்று பேரும். கதையில் அவர்கள் பேசுவது இந்த ஒரு தடவைதான்.

தவில் நின்றது. குனிந்து குனிந்து திருமேனிக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. அவர் பொறுமை இழந்து கீழேயிருந்தபடியே சொன்னார்.

"கொடுக்காப்புளி நாப்பத்தேழு நட்சத்திரக்குறி பெரியம்மா. ஏறித்தொலை மாப்ளே."

ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு எழுத்துப் பிசகில்லை.

"சரியாத்தான் இருக்கு" என்றான் காசிநாதன் மெதுவாக. பிறகு திருமேனியைப் பார்த்துக் கும்பிட்டான். "கேப்டன், நீங்க எதுக்குக் குனிஞ்சு நிக்கிறீங்க? எந்திரிங்க."

குழந்தைவேலு தன் குழுவைப் பார்த்தான். பிறகு மச்சானைப் பார்த்தான். பாஸ்வேர்டு அவரிடம்தான் இருக்கிறது. அவனாலும் மறுத்துப் பேச முடியவில்லை.

"அப்படின்னா ஜெயிச்ச கேப்டனும் மச்சான், தோத்த கேப்டனும் மச்சான்" என்று அறிவழகன் கணக்குப் போட்டான். "அவரை அவரே தூக்க முடியாது. பழக்கம் உள்ளவங்க யாராவதுதான் தூக்கணும்."

எல்லோரும் குழந்தைவேலுவைப் பார்த்தார்கள்.

சுகந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவதற்குள் மச்சான் ஏறியாகிவிட்டது. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வழியை மறித்தாள். "என்ன சொன்னேன் ஒங்ககிட்ட?"

"ஒங்க தெருவுல தூக்கிட்டு வரக் கூடாதுன்ன. இது எங்க தெருவுக்குப் போவுது" என்றான் குழந்தைவேலு. "இந்த வருஷம் நாமதானே ஜெயிச்சிருக்கோம்."

அவள் தலையில் அடித்துக்கொண்டு வழிவிட்டாள். ஊர்வலம் தவில் முழங்க நெட்டோடைக்காட்டுக்குள் நுழைந்தது. சொந்த ஊர்த் தெருவில், சொந்த ஜனங்கள் பூப்போட, குழந்தைவேலு கழுத்து நரம்பு புடைக்க நடந்தான். இப்படி ஒரு பெருமையை அவன் எந்தப் பொங்கலிலும் அனுபவித்ததில்லை.

"மேலேருந்து பாத்தா எங்க ஊரு எப்படி மச்சான் இருக்கு?"

"நல்லாருக்கு மாப்ளே. காத்து வருது."

கொஞ்ச தூரம் போனதும் அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"மச்சான், எறங்குனதும் அந்தக் கேப்டன் பாஸ்வேர்டை மாத்திடுங்க. யாருக்கோ தெரிஞ்சுபோச்சு போலருக்கு."

"என்னன்னு மாத்த?"

"அதை நீங்களே வச்சுக்குங்க, எங்கிட்டச் சொல்லாதீங்க" என்றான் குழந்தைவேலு, மச்சானின் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. "யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு ஏட்டம்மா சொல்லிருக்காங்க."